பாணி திரையாமல் இருக்க இரண்டு கரண்டி அரிசிமா

முள்ளியவளையில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் விட்டுக் காய்ச்சிற பாணி எனக்கு அடிக்கடி திரைஞ்சு போகுது. நாவூறு எண்டு மாமி சொல்லுறா. வீட்டில ரெண்டு பேருக்குச் சீனி வருத்தம், ஒராளுக்குக் கொழுப்பு. இதையே கொஞ்சம் குறைச்சுச் செய்ய ஏலாதோ?"

முதலில் நாவூறு. செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டால் வீட்டாருக்கு இருமல் வரும். திரைந்த பால் சேராது. குற்றவாளி அடுப்புச் சூடுதான்.

தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் கோடிக்கணக்கான எண்ணெய்த் துளிகள். அவை ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் ஒவ்வொன்றையும் தேங்காயின் புரதம் போர்த்தி வைத்திருக்கிறது. சூடு 80 பாகை செல்சியசைத் தாண்டினால் அந்தப் புரதம் சுருள் அவிழ்ந்து கட்டிபடத் தொடங்கும். போர்வை போன துளிகள் சேர்ந்து பெருத்து மேலே வரும். முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்க முன் இறக்கு என்று அம்மம்மாமார் சொன்னது இதனால்தான். புளித்த கருப்பநீரில் காய்ச்சிய பழைய பனங்கட்டி என்றால் அமிலமும் சேர்ந்து புரதத்தைக் கெடுக்கும்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: அரிசிமா.

மாவுக்குள் இருக்கும் மாப்பொருள் மணிகள் மிகச் சிறியவை. அரிசியினுடையவை 3 முதல் 8 மைக்ரோமீற்றர்தான். உருளைக்கிழங்கின் மணி 100 வரைக்கும் போகும். மணிக்குள் அமைலோசு, அமைலோபெக்ரின் என்ற இரண்டு வகைச் சங்கிலிகள் அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கின்றன. அதனால் பச்சைத்தண்ணீரில் மா கரையாது, கலங்கும், பிறகு அடியில் படியும். 65, 70 பாகை வந்ததும் அந்த இறுக்கம் குலைகிறது. தண்ணீர் உள்ளே புகுகிறது, மணி ஊதுகிறது, அமைலோசு வெளியே கசிந்து சுற்றியுள்ள நீரில் பரவுகிறது. அகப்பை திடீரென்று பாரமாகிறதே, அதுதான் அந்தக் கணம். அரிசி வகைக்கு ஏற்பச் சில பாகை முன்பின்னாக இருக்கும். கஞ்சி காய்ச்சுகிற எல்லாருக்கும் இது கைப்பழக்கம். ஆனாலும் அகப்பைப் பிடியில் ஒரு மூலக்கூற்று மாற்றம் தெரிவது எனக்கு இன்றைக்கும் புதினம்தான்.

இப்போது எண்ணெய்த் துளியை நினைத்துப் பாருங்கள். வற்றாப்பளைப் பொங்கலன்று சனத்துக்குள்ளால் கோயில் வாசலுக்குப் போகிறவரின் நிலைதான் அதற்கு. ஊதிய மணிகளுக்கு இடையில் வழி இல்லை. 1851இல் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் எழுதிய விதிப்படி, திரவத்தின் பிசுக்குமை, அதாவது தடிப்பு, பத்து மடங்கானால் துளி மேலெழும் வேகம் பத்தில் ஒன்றாகும். துளிகள் சந்திப்பதே அரிதானால் சேருவது எங்கே?

இன்னொன்றும் நடக்கிறது. தடிப்பும் வழுவழுப்பும் இருந்தால் நாக்கு அதைக் கொழுப்பு என்று நம்பிவிடும். கிட்டத்தட்ட 25 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகளை அது நறநறப்பாக உணர்வதில்லை. அரிசி மாப்பொருள் அந்த அளவுக்குள் அடங்கும். ஆக, தேங்காய்க் கொழுப்பில் பெரும்பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தை மாவால் நிரப்பலாம். தேங்காய்க் கொழுப்பில் ஏறக்குறைய 90 வீதம் நிரம்பிய கொழுப்பு என்பதால் இது சின்ன விசயமில்லை.

செய்முறை சுருக்கமாக: இரண்டு கோப்பை கப்பிப்பாலில் (முதற்பாலுக்குப் பிறகு பிழியும் மெல்லிய பால்), நன்றாக அரித்த, வறுக்காத பச்சையரிசிமா இரண்டு மேசைக்கரண்டி. ஆறிய பாலிலேயே கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள். சூடான பாலில் கொட்டினால் கட்டிபடும். மெல்லிய நெருப்பில் கிண்டி, தடித்த பிறகுதான் பனங்கட்டி. சீனி தண்ணீருக்குப் போட்டி போடும், முதலே விட்டால் மணிகள் ஊதப் பிந்தும். வழக்கமாகப் போடுவதில் பாதிப் பனங்கட்டியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்து விடுங்கள். ஒரு கிள்ளு உப்பும் ஏலக்காயும் போட்டால் இனிப்புக் குறைந்தது பெரிதாகத் தெரியாது. இறக்கி, கொதி அடங்கியதும் கால் கோப்பை முதற்பால். தேங்காய் வாசம் கொழுப்பில் கரைந்திருப்பது, அதனால் இதை மட்டும் தவிர்க்கவேண்டாம்.

பனங்கட்டி சீனி வருத்தத்துக்கு மருந்து என்று சந்தையில் சொல்லுவார்கள், நம்பாதீர்கள். அதிலும் பெரும்பகுதி சுக்குரோசுதான், அதாவது நாங்கள் பாவிக்கிற சீனியேதான். அரிசிமாவும் கடைசியில் குளுக்கோசாகத்தான் போகும். சீனி வருத்தக்காரர் இரண்டு கரண்டி பாணியோடு நிறுத்தவேண்டும்.

2025 செப்டெம்பரில் புதுக்குடியிருப்பில் வடக்குத் தெங்கு முக்கோணத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். கன்று நடக் காசு ஒதுக்குவது நல்லது. எங்கள் மொட்டைக்கறுப்பன் அரிசியின் மா எத்தனை பாகையில் ஊதும், எது பாணிக்கு வாய்க்கும் என்று அளந்து பார்க்க ஒரு சின்ன ஆய்வுகூடத்துக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தால் நான் சந்தோசப்படுவேன்.

பயத்தமாவில் செய்யலாமா என்றும் கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் சூட்டோடு சாப்பிடவேண்டும். பயற்றில் அமைலோசு கூட. ஆறினால் சங்கிலிகள் திரும்ப அடுக்குப் பிடித்து இறுகிவிடும், பாணியைக் கத்தியால்தான் வெட்டவேண்டி வரும்.