இரும்புக் கைக்கு என்ன விலை?

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைதோறும் ஐந்து பேர் கூடிக் கதைவிளையாட்டு ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம், நடுவில் இரண்டு பகடைகள். பாத்திரம் எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடைதான் சொல்லும். கதை நடப்பது எதிர்கால நகரமொன்றில். அங்கே காசிருந்தால் இரும்புக் கையோ இருளில் பார்க்கும் கண்ணோ பொருத்திக்கொள்ளலாம். விதிகளை எழுதியவன் நான். மூன்றாவது வாரமே ஆட்டம் குலைந்துவிட்டது.

குலைத்தது பகடைக் கணக்கு. இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி என்றால், 15 விதங்களில் தோல்வி. இரும்புக் கை 1 சேர்த்துக் கொடுத்தால் தோல்வி 10 ஆகக் குறையும். 2 சேர்த்தால் 6. 3 சேர்த்தால் வெறும் 3. மூன்றே புள்ளிகளில் தோல்வி ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அதன் பிறகு பகடையை உருட்டும்போது யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதில்லை. 10 வேண்டிய கடினமான வேலையிலோ வெற்றி 6, 10, 15, 21 என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுதலாகத் தாவுகிறது. ஒரே கை, வேலைக்கு வேலை வேறு மதிப்பு!

விலையை ஏற்றிப் பார்த்தேன். பலசாலி அதிகம் சம்பாதித்தார், அடுத்த உறுப்பையும் வாங்கினார். இடைவெளி இன்னும் பெருகியது.

இதே வகைப் பழைய கதைவிளையாட்டுகள் வேறு வழி கண்டிருந்தன. 1988இல் வந்த ‘சைபர்பங்க்’கில் உறுப்புகளைப் பொருத்தப் பொருத்த மனிதத்தன்மை குறையும். 1989இன் ‘ஷேடோரன்’ ஒவ்வொருவருக்கும் 6 உயிர்ப்புள்ளிகள் தருகிறது. உறுப்புகள் அதைத் தின்னத் தின்ன மந்திரசக்தியும் தேயும். ஆட்டக் கணக்காக மிக அழகான பண்டமாற்று. நானும் மனிதத்தன்மை விதியை எடுத்துக்கொண்டேன்.

“அப்படியென்றால் எங்கள் பெரியப்பாவுக்கு மனிதத்தன்மை குறைவா, அண்ணா?” என்று ஆட்டத்தில் இருந்த தங்கை ஒருத்தி கேட்டாள். அவர் மிதிவெடியில் காலை இழந்தவர். இன்றும் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறார். அன்றிரவே அந்த விதியை அடித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதை எழுதியிருக்கவே கூடாது.

அவர் அணிவது ஜெய்ப்பூர் கால். 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது, சப்பாத்து இல்லாமல் நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்றது. அது மனிதத்தன்மையைக் கேட்பதில்லை, பராமரிப்பைக் கேட்கிறது. ரப்பர் தேய்கிறது. எஞ்சிய காலின் வடிவம் மாறினால் அது நுழையும் பொருந்துகுழியையும் மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கு மறுபடி மறுபடி புதுக்கால் வேண்டும்.

புது விதி அதிலிருந்து பிறந்தது. இரண்டு பணிகளுக்கு நடுவே ஒவ்வொருவருக்கும் மூன்று ஓய்வுப் பொழுதுகள். ஒவ்வோர் உறுப்பும் ஒரு பொழுதைக் கேட்கும். மிஞ்சியதில்தான் காயம் ஆற்றலாம், உழைக்கலாம். பராமரிக்காத உறுப்போடு உருட்டும்போது இரு பகடைகளிலும் ஒரே எண் விழுந்தால், அதாவது ஆறில் ஒரு வாய்ப்பில், அது இறுகிவிடும். ஓர் உருட்டலுக்கு ஓர் உறுப்பின் புள்ளி மட்டுமே சேரும். இருட்டுக் கண் போன்றவை எண்ணைத் தொடுவதேயில்லை. புதிதாக ஒன்றைச் செய்யவிடும், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை அதே தங்கையின் பாத்திரம், கையைக் கவனிக்காமல் பொழுதையெல்லாம் நண்பனின் காயத்துக்குச் செலவழித்திருந்தது. இரும்புக் கதவைத் தூக்க உருட்டினாள். இரண்டு ஐந்து. கதவு உயர்ந்தது, முழங்கை இறுகியது. மற்ற நால்வரும் அவள் கைக்குக் கீழே குனிந்து வெளியேறினார்கள்.