ஆறாவது பல்

“பால் பல்தானே சார், விழுந்து முளைச்சிடும்.” கடலூர், பண்ருட்டிப் பக்கம் பல் டாக்டரிடம் சொத்தைப் பல்லோடு பிள்ளையை அழைத்து வருபவர்கள் அடிக்கடி சொல்வது இது. பிள்ளைக்கு ஏழெட்டு வயதாகி, சொத்தையும் கடைசிப் பல்லில் இருந்தால், அது பெரும்பாலும் பால் பல் அல்ல, முதல் கடைவாய்ப் பல் என்ற நிலைப்பல். விழுந்தால் மறுபடி முளைக்காது.

குழப்பத்துக்குக் காரணம் அது வரும் விதம். முன்பல் ஆடி விழும். சாணியில் பொதிந்து கூரையில் எறிவோம். பிறகு புதுப்பல் வரும். முதல் கடைவாய்ப் பல் எந்தப் பல்லையும் தள்ளிவிட்டு வருவதில்லை. ஆறு வயது வாக்கில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் வெறும் ஈறாக இருந்த இடத்தில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக முளைக்கும். நிலைப்பற்கள் 32இல் பால் பல்லின் இடத்துக்கு வருபவை 20தான்.

அதன் மேற்பரப்பில் மேடுகளுக்கு நடுவே ஆழமான பள்ளங்கள். சில பள்ளங்கள் பிரஷ் நாரைவிடக் குறுகலானவை. மிட்டாயைவிட பிஸ்கட்டைத்தான் நான் சந்தேகப்படுவேன்: மாவாகி அங்கே பசைபோல் அப்பிக்கொள்ளும். கிருமிகள் அதை அமிலமாக்கும். pH (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான வெளி ஓடு, கரையத் தொடங்கும். ஆரம்பத்தில் உமிழ்நீரும் ஃபுளோரைடும் இழந்த தாதுவை ஓரளவு மீட்கும். குழி விழுந்துவிட்டால் அதைத் தானாக அடைக்க உடம்பில் ஆள் இல்லை. எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

வேரின் கதை இன்னும் சிக்கல். முளைக்கும்போது வேர் பாதியில்தான் நிற்கும். நுனி மூட ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் சொத்தை பற்கூழை (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான பகுதி) தொட்டு, அந்தக் கூழ் செத்துவிட்டால், வேர் மெல்லிய சுவரோடும் திறந்த நுனியோடும் நின்றுவிடும். வேருக்குள் இருக்கும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கும் வழக்கமான ரூட் கேனல் அங்கே எடுபடாது. பெரியவர்களுக்கும் மேல் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் சுலபமில்லை: மூன்று வேர், அதில் கன்னப்பக்க முன்வேருக்குள் பெரும்பாலும் இரண்டாவது கால்வாய் ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டால் கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

பிடுங்கிவிட்டால்? 12 வயதில் வரும் அடுத்த பல் முன்னால் சாயும், எதிர்ப்பல் நீண்டு இறங்கும், கடி மாறும்.

முளைத்த கையோடு பள்ளங்களில் சீலன்ட் (பள்ளத்தை மூடும் மெல்லிய பூச்சு) பூசினால் பெரும்பாலும் இவ்வளவு பாடு வராது. துளையிடுவதும் ஊசியும் தேவையில்லை. புதுச்சேரி கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

வீட்டிலேயே டார்ச் அடித்து, நடுப்பல்லிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள், விழுந்த பல்லின் இடத்தையும் சேர்த்து. பால் பல் பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவது ஒன்று தெரிந்தால், அது நிலைப்பல்.