டேர்போ பூட்டும் முன் ஹெட்டையும் புளொக்கையும் பாருங்கள்

பூஸ்டை, அதாவது டேர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்ட வேண்டும் என்று திருகோணமலையில் எங்கள் கராஜுக்கு வரும் தம்பிமார் பலர் கையில் ஒரு கேஸ்கெட்டுடன்தான் வருகிறார்கள். சிலிண்டர்கள் உள்ள புளொக்குக்கும் அதை மேலிருந்து மூடும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு அது. பல அடுக்கு உருக்குத் தகட்டில் செய்த, விலை கூடிய சாமான். கொழும்பில் தேடி வாங்கியிருப்பார்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து தருவித்திருப்பார்கள். "அண்ணா, இதைப் போட்டால் இனி ஹெட் தூக்காதுதானே?" என்று கேட்பார்கள், அழுத்தத்தில் ஹெட் புளொக்கை விட்டு மேலெழாதுதானே என்று பொருள். தூக்கும். ஹெட், புளொக் இரண்டின் முகமும் தட்டையாக இல்லாவிட்டால், போல்ட்டுகளில் போதிய இழுவை இல்லாவிட்டால், எஞ்சினில் நொக்கிங் (எரிகலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடித்து எரிவது) இருந்தால், எந்த விலைக்கு வாங்கிய கேஸ்கெட்டும் நிலைக்காது. கேஸ்கெட்டைத் தெரிவு செய்வது இந்த வேலையில் கடைசியாக வர வேண்டியது.

ஒரு கணக்கைப் பாருங்கள். டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா காரில் வரும் 4ஈ-எஃப்டிஈ எஞ்சின் 1331 சிசி. சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீற்றர், பரப்பு ஏறத்தாழ 43 சதுர சென்ரிமீற்றர். எரிதலின் உச்சத்தில் 100 பார் அழுத்தம் எழுந்தால், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை 4 தொன்னுக்கும் கூடிய விசையால் மேலே தள்ளுகிறது. அதை எதிர்த்துப் பிடித்திருப்பவை போல்ட்டுகள். கேஸ்கெட்டின் வேலை, அந்தப் பிடிக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளியை நிரப்புவது மட்டுமே. பிடி ஒரு கணம் தளர்ந்தாலும் ஹெட் இம்மியளவு உயரும், சுடுவாயு எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் வழிக்குள் புகும், அழுத்தம் இறங்கியதும் ஹெட் மறுபடி படிந்துவிடும்.

இதனால்தான் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கச் சிரமப்படுகிறார்கள். கார் நின்ற இடத்தில் ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் நீட்டி மிதிக்கும்போதுதான் ரிசர்வ் தாங்கியிலிருந்து கூலன்ட் பொங்கி வழியும். ரேடியேற்றர் மூடியை மாற்றுவார்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள், தண்ணீர்ப் பம்பையும் மாற்றுவார்கள். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு காரில் இவை எல்லாமே புதிதாக இருந்தன, கூலன்ட் மட்டும் நிற்கவில்லை. நீல நிறத் திரவம் ஊற்றிப் பார்க்கும் சோதனைக் கருவி இருக்கிறது. எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால், பெற்றோல் எஞ்சினில் அந்த நீலம் மஞ்சளாக மாறும். ஆனால் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சோதித்தால் ஹெட் தூக்கும் எஞ்சினிலும் நிறம் மாறாமல் இருக்கலாம். நன்றாகச் சுமை கொடுத்து ஓட்டி வந்த கையோடு சோதிக்க வேண்டும்.

இனி முகங்கள். நார், கிராஃபைட் போன்றவை கலந்து செய்த பழைய கலப்புக் கேஸ்கெட் ஓரளவு மென்மையானது, முகத்தில் இருக்கும் சிறு கீறல்களுக்குள் தானே அழுந்தி நிரப்பிக்கொள்ளும். உருக்குத் தகட்டுக் கேஸ்கெட் அப்படி இல்லை. அதன் மேல் இருப்பது மிக மெல்லிய ரப்பர் பூச்சு. அது பிடிக்க வேண்டுமானால் முகத்தின் சொரசொரப்பு, ஆர்ஏ எனும் சராசரி அளவில், 50 மைக்ரோ அங்குலத்துக்குள், அதாவது சுமார் 1.27 மைக்ரோமீற்றருக்குள் இருக்க வேண்டும். விரல் நகத்தால் தடவி இதைச் சொல்ல முடியாது. லேத் பட்டறைக்குக் கொடுக்கும்போதே எந்தக் கேஸ்கெட் போடப் போகிறோம் என்று சொல்லி, அதற்கேற்ற முகம் வேண்டும் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். பணம் கொடுப்பது நீங்கள்.

தட்டைத்தன்மையை நேர்விளிம்புக் கோலும் ஃபீலர் கேஜும் வைத்து நீளவாட்டில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களிலும் பார்க்க வேண்டும். பல ஜப்பானிய எஞ்சின்களுக்குக் கையேடு தரும் எல்லை 0.05 மில்லிமீற்றர். உங்கள் எஞ்சினுக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்டை மட்டும் ஃபேசிங் செய்து (முகத்தைச் சீவித் தட்டையாக்கி), புளொக்கை அப்படியே விட்டுவிடுவது நம் ஊரில் பரவலாக நடக்கிறது. புளொக்கைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோவது பெரிய வேலை என்பது உண்மைதான். டேர்போ எஞ்சின் கட்டுகிறோம் என்றால் அந்தப் பெரிய வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட, கையில் பிடிக்கும் கிரைண்டரில் உரசுத் தட்டு மாட்டித் தேய்ப்பதை நிறுத்துங்கள். பளபளப்பாகத் தெரியும் அந்த இடம் பள்ளமாகியிருக்கும். அதைவிட மோசம், உதிரும் உரசுத் தூள் ஒயில் வழிகளுக்குள் இறங்கி பெயாரிங்குகளை அரித்துவிடும். கேஸ்கெட் மாற்றிய சில வாரங்களில் எஞ்சின் அடியில் சத்தம் கேட்கத் தொடங்கினால், இந்தத் தூளையும் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நம் ஊரில் தனியாகப் பேசத்தான் வேண்டும். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரப் பகுதிகளில் பல கிணறுகளின் தண்ணீர் உவர். அதை வாளியில் அள்ளி ரேடியேற்றரில் ஊற்றுகிறோம். "எங்களுக்குப் பனியா கொட்டுகிறது, எதற்குக் கூலன்ட்?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கூலன்ட் உறைவதைத் தடுப்பதற்கு மட்டும் உள்ளதல்ல. அதில் அரிப்பைத் தடுக்கும் சேர்மங்கள் இருக்கின்றன, கொதிநிலையையும் அது உயர்த்துகிறது. அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு புளொக், நடுவே உப்புத் தண்ணீர் என்றால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும், அதில் அலுமினியமே கரையும். தண்ணீர்த் துளைகளின் விளிம்புகள் தின்னப்பட்டு, கேஸ்கெட்டின் அடைப்பு மேடு படிய வேண்டிய இடத்திலேயே குழி விழுந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வெல்டிங் செய்து மறுபடி ஃபேசிங் செய்தால்தான் அந்த ஹெட் பயன்படும், சிலவற்றில் அதுவும் முடியாது. கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். ஒரு ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை.

போல்ட்டுகளுக்கு வருவோம். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மிச்சம் முழுவதையும் போல்ட் தலையின் கீழும் புரிகளிலும் இருக்கும் உராய்வு தின்றுவிடுகிறது. புரியில் துரு இருந்தால் ரெஞ்ச் சரியான எண்ணில் கிளிக் சொல்லும், போல்ட்டில் இழுவை இருக்காது. ஆகவே புளொக்கின் புரிகளை அவற்றுக்கென உள்ள துப்புரவு டப்பால் சுத்தம் செய்யுங்கள். புதிதாகப் புரி வெட்டும் டப்பை விட்டால் உலோகம் குறைந்துவிடும். துளைகளில் தேங்கியிருக்கும் ஒயிலையும் தண்ணீரையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். அடிமூடிய துளையில் திரவம் இருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் புளொக்கே வெடிக்கலாம்.

கோண அளவில் இறுக்கும், நீண்டுபோகும் வகை போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்த வேண்டாம். பூஸ்டைக் கூட்டுவதாக இருந்தால் நல்ல ஸ்டட்டுகளுக்கு (புளொக்கில் இறக்கி, மேலே நட்டு பூட்டும் புரித்தண்டுகள்) போவதே நல்லது. ஸ்டட்டைக் கையால் மட்டும் இறக்கி, தயாரிப்பாளர் தரும் மசகையே பூசி, அவர்கள் தரும் டோர்க் எண்ணையே பின்பற்ற வேண்டும். மசகு மாறினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சம படிகளில் இறுக்குங்கள். புதிய ஸ்டட்டுகளை இறுக்கித் தளர்த்தி, மறுபடி இறுக்கிப் புரிகளைப் படியவிட்ட பிறகே நான் கடைசி இறுக்கத்துக்குப் போவேன். நேரம் பிடிக்கும், ஆனால் எல்லா ஸ்டட்டிலும் இழுவை ஒரே சீராக வரும்.

தடித்த கேஸ்கெட் போட்டால் அமுக்க விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) குறையும், பூஸ்டைத் தாங்கும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. மேலே சொன்ன அதே எஞ்சினில் 8.5 விகிதம் இருக்கும்போது கேஸ்கெட்டை 0.8 மில்லிமீற்றர் தடிப்பாக்கினால் விகிதம் சுமார் 7.9 அல்லது 8.0 ஆக இறங்கும். அதே நேரம் பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளி கூடி, எரிகலவை நன்றாகக் கலங்குவது குறைகிறது. நொக்கிங்கைத் தவிர்க்கச் செய்த வேலையே நொக்கிங்குக்கு இடம் கொடுக்கலாம். விகிதத்தைக் குறைக்க வேண்டுமானால் அதற்கேற்ற பிஸ்டன் போடுவதே முறை. புளொக்கில் காடி வெட்டி உருக்குக் கம்பி வளையம் பதிக்கும் முறையைச் சிலர் கேட்கிறார்கள். பந்தயக் காருக்குச் சரி. தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு நான் அதைச் செய்வதில்லை.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த எஞ்சினையும் நொக்கிங் சில நிமிடங்களில் கெடுத்துவிடும். நொக்கிங்கில் அழுத்தம் திடீரென எகிறி, சம்மட்டி அடிபோல் சிலிண்டரைச் சுற்றியுள்ள கேஸ்கெட் வளையத்தில் இறங்குகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் பகல் வெப்பத்தில் டேர்போ உறிஞ்சும் காற்றே சுடுகிறது, அமுக்கியதும் இன்னும் சூடேறுகிறது. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சிறியதாக இருந்தால் நிலைமை கேட்கவே வேண்டாம். 95 ஒக்டேன் பெற்றோலுக்கு டியூன் செய்த காரில், பணம் மிச்சம் என்று 92 அடிக்காதீர்கள். இரவில் டியூன் செய்த கார் நண்பகலிலும் அப்படியே ஓடும் என்று எண்ணாதீர்கள். சூடான நேரத்திலும் ஓட்டி, நொக்கிங் பதிவைப் பார்த்து, தேவையான அளவு பற்றவைப்பு நேரத்தைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். சில குதிரைவலு குறையட்டும்.

கட்டி முடித்த பிறகு முதல் சில வாரங்கள், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேல் ரேடியேற்றர் குழாயை அமுக்கிப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில் அந்தக் குழாய் கல்லுப்போல் இருந்தால் உள்ளே வாயு போய்க்கொண்டிருக்கிறது. கூலன்ட் அளவு, வெள்ளைப் புகை, ஒயில் மூடியின் உட்புறம் பால்போன்ற படிவு ஆகியவற்றையும் கவனியுங்கள். ஒயிலில் கூலன்ட் கலந்த அறிகுறி தெரிந்தால், கராஜ் பக்கத்தில்தானே என்று ஓட்டி வர வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, காரை லொறியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.