குழி மிஞ்சாத ஜிப்சம் சுரங்கம்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை, குளக்காநத்தம், அடுத்துள்ள திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூர். இந்தப் பக்கத்துப் புஞ்சைகளில் ஏர் ஓட்டும்போது, வெள்ளைப் பட்டு நூலை இறுக்கிக் கட்டினாற்போல் மின்னும் கல் துண்டுகள் மேலே வருவதுண்டு. நகத்தால் கீறினால் கோடு விழும். அதுதான் ஜிப்சம். சிமென்ட் ஆலைக்கும் நிலக்கடலை வயலுக்கும் வேண்டிய பொருள் சொந்த நிலத்திலேயே கிடக்கும்போது, தோண்டி விற்கலாமா என்ற எண்ணம் பட்டாதாரருக்கு வருவது இயல்பு. தோண்டலாம். ஆனால் அந்த நிலத்தில் எவ்வளவு ஜிப்சம் இருக்கிறது, அதை எடுக்க எவ்வளவு மண்ணைப் புரட்ட வேண்டும், எடுத்த பிறகு நிலம் என்ன ஆகும் என்ற மூன்றையும் ஒரே கணக்காகப் போட வேண்டும். அப்படிப் போட்டால் பலரும் எதிர்பார்க்காத ஒரு விடை வரும்: இந்த வகை நிலத்தில் ஜிப்சம் எடுத்தால் கடைசியில் குழியே மிஞ்ச வேண்டியதில்லை.

முதலில் நிலத்தடியைப் பார்ப்போம். சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில், இந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அப்போது படிந்த சேறு இறுகித்தான் இன்றைய களிப்பாறை ஆனது. இந்தப் பாறைகளை ஆராய்ந்து 1860களில் எழுதிய புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட், ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக அவற்றைப் பிரித்தார். ஜிப்சம் உள்ள களிப்பாறை ஊட்டத்தூர் தொகுதியில் வருகிறது.

இங்குள்ள ஜிப்சம் பெரும்பாலும் களிப்பாறையின் விரிசல்களிலும் படிவுகளுக்கு இடையிலும் மெல்லிய நரம்புகளாக ஓடுகிறது. கடல்நீர் வற்றிப் படியும் ஜிப்சத்தின் கதை வேறு. தூத்துக்குடி உப்பளங்களில் நீர் வற்றும்போது, உப்பு பூப்பதற்கு முந்தைய பாத்திகளிலேயே ஜிப்சம் படிந்துவிடும். அப்படிப் படிவது தட்டையான அடுக்காக இருக்கும். ராஜஸ்தானில் பிகானேர், ஹனுமான்கர் பக்கங்களிலும் மணலுக்குக் கீழே அதிக ஆழமில்லாமல் ஜிப்சம் அடுக்காகக் கிடக்கிறது. இந்தியாவின் ஜிப்சம் உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி அந்த மாநிலத்தில்தான். அடுக்கு என்றால் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கினால் கணக்கு முடிந்தது. நரம்பில் அது நடக்காது.

நரம்பு உருவாகும் பொதுவான வழி ஒன்று உண்டு. கடல் சேற்றில் பைரைட் என்ற இரும்புச் சல்பைடு இருக்கும். பாறைக்குள் காற்றும் மழைநீரும் இறங்கும்போது அது சிதைந்து கந்தக அமிலம் தரும். அந்த அமிலம் சிப்பி ஓடுகளில் உள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்தால் கால்சியம் சல்பேட் கரைசல் உண்டாகும். அது விரிசலுக்குள் கசிந்து, சுவருக்குச் செங்குத்தாக இழை இழையாகப் படிகமாகும். காற்றும் நீரும் இறங்கிய ஆழம் வரைதான் இந்த வேலை நடக்கும் என்பதால், மேலே கண்ட ஜிப்சம் கீழேயும் அதே அளவில் இருக்கும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது.

அதனால் முதல் வேலை சோதனைக் குழி. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 30 முதல் 50 மீட்டருக்கு ஒரு குழி என்று எடுக்க வேண்டும். நீளம் 2 மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்றால் 12 கன மீட்டர். எந்த ஆழத்தில் மேல்மண் முடிகிறது, எங்கே நரம்பு தொடங்குகிறது, எங்கே ஈரம் தட்டுகிறது என்று அளந்து எழுதிக்கொண்டே தோண்ட வேண்டும். தோண்டிய மண்ணிலிருந்து ஜிப்சத்தைக் கையால் பொறுக்கி, ஒட்டிய களியைத் தட்டி, காயவைத்து எடை போட வேண்டும். ஓர் உதாரணத்துக்கு 600 கிலோ கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 50 கிலோ. திட்டம் முழுக்க இந்த எண்ணின் மேல்தான் நிற்கப்போகிறது. பக்கத்துக் குழியில் 15 கிலோதான் வந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும். நல்ல குழியை மட்டும் காட்டிக் கணக்குச் சொல்பவரிடம் நிலத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

அடுத்தது தூய்மை. ஜிப்சம் தன் எடையில் 20.9 சதவீதம் தண்ணீரைப் படிகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. சோதனையும் இதை வைத்துத்தான். பொறுக்கிய குவியலை நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகள் இரண்டைத் தள்ளி, மிச்சத்தைக் கலந்து மறுபடி நான்காக்கி, கடைசியில் நிற்கும் சிறு அளவை மாதிரியாக எடுக்க வேண்டும். பொடித்த மாதிரியை 45 டிகிரி சூட்டில் உலர்த்தினால் வெளி ஈரம் போகும். அதற்கு மேல் சூடாக்கினால் ஜிப்சத்தின் சொந்தத் தண்ணீரே கிளம்பத் தொடங்கிவிடும். உலர்ந்த பொடியை எடை பார்த்துவிட்டு, 215 முதல் 230 டிகிரியில் எடை மாறாத வரை வைக்க வேண்டும். 100 கிராமில் 16.7 கிராம் குறைந்தால் அதில் ஏறக்குறைய 80 கிராம் ஜிப்சம். மிச்சம் களியும் மணலும்.

வாங்குபவர் இந்தச் சதவீதத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார். சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக் கல்லையும் களியையும் சேர்த்துச் சுட்டெடுத்த கிளிங்கர் என்ற கட்டிகளோடு 3 முதல் 5 சதவீதம் ஜிப்சம் சேர்த்து அரைப்பார்கள். அது இல்லையென்றால் கிளிங்கரில் உள்ள அலுமினேட் தண்ணீர் பட்ட உடனே வினைபுரிந்து, கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் கலவை இறுகிவிடும். விவசாயத்தில் நிலக்கடலைக்குப் பூத்து விழுது இறங்கும் சமயத்தில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக எடுக்கிறது, அதனால்தான். களர் நிலத்தைத் திருத்தவும் ஜிப்சம்தான். ஆனால் சந்தையில் போட்டி உண்டு. உர ஆலைகளில் ஒரு டன் பாஸ்பாரிக் அமிலம் தயாரித்தால் ஏறக்குறைய 5 டன் ஜிப்சம் கழிவாக வெளியே வருகிறது. அது மலிவு. நம் நிலத்து ஜிப்சத்தின் விலைக்கு அது ஒரு கூரை போட்டுவிடும்.

சரி, இப்போது குழியை வரைவோம். நிலம் 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர், கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். ஆழம் 6 மீட்டர். 60,000 கன மீட்டர் கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுத்தான் தோண்ட வேண்டும். நாலு பக்கமும் அப்படி விட்டால் மேலே 85 மீட்டர் சதுரம்தான் நிற்கும். அப்புறம் சுவர். 1961ஆம் ஆண்டின் உலோகக் கனிமச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி, களி, மொரம்பு போன்ற இளகிய மண்ணில் சுவர் 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்கக் கூடாது. அல்லது படிகளாக வெட்ட வேண்டும். ஒரு படியின் உயரம் 1.5 மீட்டருக்கு மிகக் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. 45 டிகிரி சரிவாக வெட்டினால் 6 மீட்டர் இறங்கும்போது ஒவ்வொரு பக்கமும் 6 மீட்டர் உள்ளே வந்துவிடும். அடியில் 73 மீட்டர் சதுரம்தான். கணக்குப் போட்டால் குழியின் கொள்ளளவு சுமார் 37,500 கன மீட்டர். முதலில் நினைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

இந்த விதியைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர்கள் ஒரு முறை காரைக்குப் போய்ப் பார்க்கலாம். ஊருக்குப் பக்கத்தில் களிப்பாறை மேல்மண் இல்லாமல் திறந்து கிடக்கும் இடங்களில், மழை அதை ஆயிரக்கணக்கான ஓடைகளாக அறுத்து வைத்திருக்கிறது. புல் கூடச் சரியாக முளைக்காத சரிவுகள். அந்தக் களி நனைந்தால் உப்பிக் குழையும், காய்ந்தால் சுருங்கி உதிரும். அப்படிப்பட்ட மண்ணில் செங்குத்தாக 6 மீட்டர் சுவரை நிறுத்தி, அதன் காலடியில் ஆட்களை உட்காரவைத்து ஜிப்சம் பொறுக்கச் சொல்வது கொலைக்குச் சமம். அந்தப் பள்ளத்தாக்கு நிலம் தொடவே கூடாத இடம் என்பதும் என் உறுதியான கருத்து. பெலம்னைட், அம்மோனைட் போன்ற கடலுயிர்ப் புதைபடிவங்களை அள்ளி வைத்திருக்கும் அந்தச் சரிவுகளை எந்த ஜிப்சம் பணமும் திருப்பித் தராது. நான் பேசுவது அதே பாறைக்கு மேல் உள்ள சாதாரணப் புஞ்சையைப் பற்றி. அங்கேயும் பொறுக்கும்போது புதைபடிவம் வந்தால் எடுத்து வைத்துப் புவியியல் துறைக்குச் சொல்வதைத் திட்டத்திலேயே எழுதிவிடலாம்.

37,500இல் மேல்மண் அரை மீட்டரைக் கழித்தால் ஏறக்குறைய 34,000 கன மீட்டர் களிப்பாறை. கன மீட்டருக்கு 50 கிலோ என்றால் 1,700 டன் ஜிப்சம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஜிப்சத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 2.3 டன். ஆக, அந்த 1,700 டன்னின் கன அளவு வெறும் 740 கன மீட்டர். 34,000இல் 740! சுமார் 2 சதவீதம். மிச்ச 98 சதவீதமும் அங்கேயே இருக்கிறது. அதுவும் தோண்டிய களிப்பாறை தளர்ந்து 30 சதவீதம் போல உப்பும். திரும்பக் கொட்டினால் குழி நிறைந்து மேடு தட்டும். பின்பு சில பருவமழைகளில் அமுங்கும். அடுக்காகக் கிடக்கும் கனிமத்தை எடுத்தால் நிலம் தாழத்தான் செய்யும். நரம்பு ஜிப்சத்தில் அதற்குக் காரணமே இல்லை. இங்கே வேலை முடிந்தும் தண்ணீர் தேங்கிய பள்ளம் கிடந்தால், நிரப்பும் செலவை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார் என்றுதான் பொருள்.

அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் ஏற்ற வேண்டும். ஒரு டன் ஜிப்சத்துக்கு 20 கன மீட்டர் தோண்டி, மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு கன மீட்டரைத் தோண்டி நிரப்ப ஆகும் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ ஜிப்சம் விற்றால் பொறுக்கும் கூலி, லாரி வாடகை, அரசுக் கட்டணம் போகக் கையில் நிற்கும் பணத்தால் அதை வகுங்கள். கன மீட்டருக்குக் குறைந்தது எத்தனை கிலோ கிடைத்தால் கட்டுப்படியாகும் என்பது தெரிந்துவிடும். அந்த அளவை எட்டாத சோதனைக் குழிகள் உள்ள பகுதியை வரைபடத்திலிருந்தே நீக்கிவிட வேண்டும். நிலம் முழுக்க எட்டவில்லை என்றால் வழக்கம்போல மக்காச்சோளம் போடுவதுதான் லாபம்.

நிரப்பிக்கொண்டே தோண்டும் முறை எளிது. 85 மீட்டரை 17 மீட்டர் அகலமுள்ள ஐந்து பட்டைகளாகப் பிரிக்கலாம். முதல் பட்டையின் மண் மட்டும் வெளியே குவிந்து காத்திருக்கும். இரண்டாவதைத் தோண்டும்போது வரும் மண் முதலாவதுக்குள் போகும், மூன்றாவதன் மண் இரண்டாவதுக்குள். வெளியே காத்திருந்த குவியல் கடைசிப் பள்ளத்தை மூடும். இதில் ஒரு மண்ணை இரண்டு முறை ஏற்றி இறக்குவது முதல் பட்டையில் மட்டும்தான். மொத்தத்தையும் வெளியே கொட்டிவிட்டுக் கடைசியில் நிரப்பலாம் என்றால் 44,000 கன மீட்டருக்கு இடம் எங்கே? அந்த முதல் குவியலுக்கான இடம்கூட வரைபடத்தில் முன்னமே குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மேல்மண் இந்தக் கணக்கில் சேராது, அது தனி. களியோடு அது ஒரு லாரி கலந்தாலும் நஷ்டம்தான். அதைத் தனியே, உயரமில்லாமல் குவித்து, மேலே சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்துவிட வேண்டும். உயரமாகக் குவித்தால் அடியில் காற்றில்லாமல் மண்ணுயிர்கள் செத்துப்போகும். ஈரத்தில் அள்ளக் கூடாது, அதன் மேல் டிப்பரை ஏற்றக் கூடாது. பட்டை நிரம்பியதும் மேல்மண் திரும்ப அதன் தலையில் ஏற வேண்டும். பொறுக்க முடியாத ஜிப்சப் பொடி களியோடு கலந்து உள்ளே போவது நல்லதுதான். அதில் உள்ள கால்சியம் களித் துகள்களைச் சேர்த்துப் பிடித்து, மழையில் கரைந்து ஓடாமல் காக்கும்.

தண்ணீர்தான் திட்டத்தில் அடிக்கடி விட்டுப்போகும் பகுதி. ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஹெக்டேரில் 5 லட்சம் லிட்டர் விழும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தோண்டுவதை நிறுத்திவிட வேண்டும். சுற்றிலும் வரப்பும் வாய்க்காலும் வெட்டி வெளித்தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். உள்ளே தேங்கியதைப் பக்கத்துக் கிணற்றுப் பக்கம் இறைத்துவிடுவது பெரும் தவறு. ஒரு லிட்டர் தண்ணீரில் 2.4 கிராம் வரை ஜிப்சம் கரையும். அப்போது சல்பேட் மட்டும் 1,300 மில்லிகிராமைத் தாண்டும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவே 400தான். குழியின் தரை நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, 2015 பிப்ரவரி 10 அன்று மத்திய அரசு ஜிப்சத்தைச் சிறு கனிமப் பட்டியலில் சேர்த்தது. அதிலிருந்து குத்தகை தருவது மாநில விதிகளின் கீழ் வருகிறது. மலபாரில் பரம்பரை முழு உரிமையுள்ள ஜென்ம நிலங்கள் பற்றிய வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் அடிமண் கனிமமும் நில உரிமையாளருக்கே என்று சொன்னது உண்மைதான். ஆனால் சொந்தக் கனிமமானாலும் அனுமதியின்றித் தோண்ட முடியாது. நிலம் 5 ஹெக்டேருக்குக் குறைவு என்பதும் விலக்கு ஆகாது. சிறு கனிமத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகுதி பெற்றவர் தயாரித்த சுரங்கத் திட்டம் வேண்டும். மேலே போட்ட கணக்குகள்தான் அந்தத் திட்டத்தின் உள்ளடக்கம்.

ஒப்பந்தக்காரரிடம் நிலத்தைக் கொடுப்பவர் தன் பங்குக்கு ஒரு நிபந்தனையை எழுதி வாங்க வேண்டும்: ஒரு பட்டை நிரம்பி மேல்மண் ஏறும் வரை அதற்கு அடுத்ததற்கு அடுத்த பட்டையில் ஜேசிபி இறங்கக் கூடாது. நிரப்பிய நிலத்தில் முதல் ஆண்டு பசுந்தாள் உரம் மட்டும் போட்டு மடக்கி உழுவது நல்லது. அமுங்கிய இடங்களைச் சமன் செய்ய இன்னும் இரண்டு மூன்று மழைக்காலம் பிடிக்கும். அந்தச் செலவுக்கான பணத்தையும் கடைசி லாரி கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.