ஸ்டண்டிங்: குட்டை, சவலை, குன்றல்

ஸ்டண்ட் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சினிமா சண்டைதான். அடுத்து, இதய ரத்தக் குழாயில் வைக்கிற ஸ்டென்ட். அது லண்டன் பல் மருத்துவர் ஒருவரின் பெயரிலிருந்து வந்த வேறு சொல். குழந்தை நல அறிக்கைகளில் வரும் ஸ்டண்டிங்குக்கு இந்த இரண்டோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வயதுக்கு இருக்க வேண்டிய உயரம் இல்லாமல் போவதைக் குறிக்கும் அளவைச் சொல் அது.

இதற்குத் தமிழில் ஆளுக்கொரு சொல் புழங்குகிறது. வளர்ச்சி குன்றியமை, குட்டைத்தன்மை, வளர்ச்சிக் குறைபாடு, குள்ளத்தன்மை என்று போகும். சிலர் எல்லாவற்றையும் சேர்த்து 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். இந்த மூட்டைதான் அதிகக் கெடுதல் செய்கிறது. ஏன் என்பதற்கு இரண்டு பையன்களைப் பார்த்தால் போதும்.

இருவருக்கும் சரியாக 3 வயது. ஒருவன் 88.0 செ.மீ. உயரம், 12 கிலோ. இன்னொருவன் 96 செ.மீ., 11.6 கிலோ. 3 வயது ஆண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணையில் நடு உயரம் 96.1 செ.மீ.; அதிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் (அளவுகள் நடுவிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் புள்ளியியல் அலகு) கீழே உள்ள எல்லைக் கோடு 88.7. எடைக்கு அதே கோடு 11.3 கிலோ. எடையை மட்டும் பார்த்தால் இரண்டு பேரும் கோட்டுக்கு மேலேதான். பதிவேட்டில் இருவரும் 'நார்மல்'. ஆனால் முதல் பையன் உயரக் கோட்டுக்குக் கீழே இருக்கிறான். இரண்டாமவனுக்கு உயரம் சரி, அந்த உயரத்துக்கு எடை போதாது. முதலாவது ஸ்டண்டிங், இரண்டாவது வேஸ்டிங். முதல் பையன் பார்ப்பதற்கு உருண்டு திரண்டுகூட இருப்பான். 'இவனுக்கென்ன குறை' என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

இந்தப் பிரிவினையை நிலைநிறுத்தியவர் ஜான் வாட்டர்லோ. ஜமைக்காவில் நெடுங்காலம் குழந்தைகளின் ஊட்டக்குறைவை ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவர். அதற்கு முன் புழக்கத்தில் இருந்தது மெக்சிகோவின் ஃபெடெரிக்கோ கோமெஸ் 1956இல் தந்த முறை. வயதுக்கு இருக்க வேண்டிய எடையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்த்து, 75, 60 என்று படி பிரிப்பது அது. எடை குறைவு என்று அது சொல்லும்; குழந்தை இப்போது மெலிந்திருக்கிறதா, பல மாதமாக வளராமல் நின்றதா என்று சொல்லாது. 1970களின் தொடக்கத்தில் வாட்டர்லோ இரண்டையும் பிரித்துத் தனித்தனிப் பெயர் கொடுத்தார். மெலிவு என்பது அண்மைப் பட்டினியின், அண்மை நோயின் தடம். உயரக் குறைவு நெடுநாள் கணக்கு.

அவர் எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் கொஞ்சம் உறுத்தலானது. பழைய ஆங்கிலத்தில் ஸ்டண்ட் என்றால் மந்தம், மடமை. வடமொழி என்றால் நமக்கு சமஸ்கிருதம். அவர்களுக்கு வடக்கே நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவிய மொழி. அந்த நார்ஸில் ஸ்டுட்டர் என்றால் குட்டை. அதன் சாயல் ஏறி, 17ஆம் நூற்றாண்டில் 'வளரவிடாமல் தடுத்தல்' என்ற வினைப் பொருள் வந்து சேர்ந்தது. சினிமா ஸ்டண்ட் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் பேச்சில் பின்னால் பிறந்த தனிச் சொல்.

நம் சொற்களில் முதலில் குட்டை. பேச்சில் எளிது, ஆனால் உதவாது. குட்டை என்பது இயல்பைச் சொல்வது; அதில் குறை, தடை என்ற பொருள் இல்லை. அதனால்தான் அங்கன்வாடியில் அளந்து சொன்னதும், "அவங்க அப்பாவே குட்டைதானே டீச்சர்" என்று அம்மா பதில் சொல்லிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொள்கிறார். நாம் எடுத்த சொல்லே அந்தப் பதிலுக்கு வழி விடுகிறது. ஒரு பிள்ளையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நன்றாக வளரும் குழந்தைகளிலேயே நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகமானவர்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே வருவார்கள். கோடு அப்படித்தான் வரையப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு 25 பேர் கீழே வந்தால், அதை அப்பாக்களின் உயரத்தை வைத்து விளக்க முடியாது.

'நம்ம ஆளுங்க உடல்வாகே இப்படி' என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. 2006இல் வெளியான உலக அட்டவணைக்கு 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள்: பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. இந்தியாவில் டெல்லி. தாய்ப்பால், நல்ல உணவு, சுத்தம், மருத்துவம் எல்லாம் கிடைத்த வீட்டுப் பிள்ளைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். டெல்லிப் பிள்ளையும் ஓஸ்லோ பிள்ளையும் முதல் ஐந்து வயதில் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் வளர்ந்தார்கள்.

அடுத்தது சவலை. இது அழகான சொல், ஆனால் வேறு பொருளுக்கு. தாய் மறுபடி உண்டானதும் பால் மறக்கடிக்கப்பட்டு மெலிந்த பிள்ளை சவலைப்பிள்ளை. 'சவலை பாஞ்சிடுச்சு' என்று ஊர்ப்பக்கம் இன்னும் சொல்கிறார்கள். காரணமும் விளைவும் ஒரே சொல்லில் இருக்கின்றன. இதே கதையை ஆப்பிரிக்காவிலும் ஒரு சொல் சுமக்கிறது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் அன்றைய கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், காலும் முகமும் வீங்கிய பிள்ளைகளைப் பார்த்து 1930களில் எழுதியபோது, அங்குள்ள கா மொழிப் பெயரையே நோய்க்கு வைத்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததுக்கு வருகிற நோய் என்பது அதன் கருத்து. மருத்துவப் புத்தகங்களில் சவலைக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

யாப்பிலும் சவலை உண்டு. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் தனிச்சொல் வந்து நான்கு சீராக நிரம்ப வேண்டும். அது வராமல் மூன்று சீரோடு நின்றால் சவலை வெண்பா. அதற்கு வழக்கமாகக் காட்டும் பாட்டு மூதுரையின் 'அட்டாலும் பால்சுவையிற் குன்றாது'. பாலும் குன்றலும் ஒரே அடியில் வந்து, அடுத்த அடி சவலையாகிவிடுகிறது. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

ஆனால் ஆய்வேட்டில் ஸ்டண்டிங்கைச் சவலை என்று எழுதினால் தவறாகும். சவலை மெலிவையும் அதற்கான ஒரு காரணத்தையும் சொல்வது. உயரம் குறைவதற்குக் காரணம் பல. தாயின் ரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு, திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கு, ஆறு மாதம் முடிந்தும் இணை உணவு தொடங்காதது, தொடங்கினாலும் தண்ணீராகக் கரைத்த கஞ்சியோடு நிறுத்திக்கொள்வது. தேரை விழுந்த பிள்ளை, நோஞ்சான் என்பவையும் மெலிவுப் பக்கத்துச் சொற்களே. கவனித்தால், மெலிவுக்குத் தமிழில் இத்தனை பெயர் இருக்க, உயரக் குறைவுக்கு ஒன்றுகூட இல்லை. மெலிவு கண்ணுக்குத் தெரியும். தெருவில் பாதிப் பிள்ளைகள் ஒரே அளவுக்குக் குட்டையாக இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் இதை 'ரெதார் தெ க்ருவாசான்ஸ்' என்பார்கள். வளர்ச்சித் தாமதம் என்று பொருள். இதுவும் எனக்கு ஒப்பவில்லை. தாமதமான பேருந்து எப்படியும் வந்துவிடும். கருவில் 270 நாள், பிறந்த பின் 730 நாள் என்ற ஆயிரம் நாளில் விட்ட உயரம் பெரும்பாலும் திரும்புவதில்லை. நான்கு வயதில் சத்துமாவை இரட்டிப்பாக்கினால் எடைதான் ஏறும்.

மிஞ்சுவது குன்றல். குன்று என்ற வினை, இருக்க வேண்டிய அளவிலிருந்து குறைவதைச் சொல்லும். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல்: சொல்ல வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது. ஓர் அளவுகோல் இருந்து, அதற்குக் கீழே நிற்பது என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரே ஒரு வில்லங்கம். 'வளர்ச்சி குன்றிய குழந்தை' என்று தாயிடம் சொன்னால் அவர் காதில் விழுவது 'மனவளர்ச்சி குன்றிய' என்பது. அந்தப் பழைய தொடர் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் அழுவார், அடுத்த மாதம் எடை பார்க்கப் பிள்ளையை அழைத்து வரமாட்டார். ஆகவே வளர்ச்சி என்ற சொல்லை விட்டுவிட்டு 'உயரக் குன்றல்' என்று எழுதுவதே என் பரிந்துரை. வேஸ்டிங்குக்கு உடல் மெலிவு. அண்டர்வெயிட்டுக்கு எடைக் குறைவு. தாயிடம் பேசும்போது இது எதுவும் வேண்டாம்: "வயசுக்கு உயரம் ஏழெட்டு சென்டி கம்மியா இருக்கும்மா" என்றால் போதும்.

மூன்றையும் கூட்டுகிற தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்டோரில் உயரக் குன்றல் 25.0 சதவீதம், மெலிவு 14.6, எடைக் குறைவு 22.0. கூட்டினால் 61.6 வரும், அதற்குப் பொருளே கிடையாது. ஒரே பிள்ளை மூன்று பட்டியலிலும் இருக்கலாம். இந்திய அளவில் அதே எண்கள் 35.5, 19.3, 32.1.

சொல்லைச் சரியாக வைத்தாலும் அளவு தவறினால் பயனில்லை. 2 வயதுக்கு உட்பட்டால் படுக்கவைத்து நீளம். அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். ஒரே பிள்ளையைப் படுக்கவைத்தால் ஏறத்தாழ 0.7 செ.மீ. கூடுதலாக வரும். எனவே 2 வயது தாண்டிய பிள்ளை நிற்க மறுத்துப் படுக்கவைத்து அளந்தால் 0.7 கழிக்க வேண்டும். சின்னதை நிற்கவைத்து அளந்திருந்தால் 0.7 கூட்ட வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் அளக்கக் கூடாது. ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முட்டியை அழுத்திப் பாதத்தில் பலகையைச் சேர்க்க வேண்டும். ஒரே ஆள் செய்யும்போது முட்டி மடங்கி, ஓரிரு சென்டிமீட்டர் காணாமல் போய்விடும். நிற்கும்போது குதிகால், கெண்டைக்கால், பின்பக்கம், தோள்பட்டை, பின்மண்டை ஐந்தும் பலகையில் பட வேண்டும். ரிப்பன், உச்சிக் குடுமி, பூ எல்லாம் எடுத்துவிட வேண்டும். சுவரில் ஒட்டிய டேப் என்றால் அது தரையிலிருந்து தொடங்குகிறதா, தரையோரம் டைல்ஸ் பட்டி துருத்திக்கொண்டு குதிகாலைத் தள்ளுகிறதா என்று முதலில் பாருங்கள். எடைக்குக் கொலுசும் அரைஞாணும் கணக்கில் வரும்.

எழுதிய எண்களைப் பார்த்தாலே அளந்தவர் அளந்தாரா, ஊகித்தாரா என்று தெரியும். 0.1 செ.மீ. வரை படிக்க வேண்டும். பதிவேட்டில் 85.0, 90.0, 87.5 என்றே வரிசையாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் திரும்ப அளக்க வேண்டியதுதான்.

உயரத்தைவிட அதிகம் கவிழ்ப்பது வயது. 2 முதல் 3 வயதுக்குள் பிள்ளை ஆண்டுக்கு 9 செ.மீ., அதாவது மாதத்துக்கு முக்கால் சென்டிமீட்டர் வளர்கிறது. மேலே சொன்ன 88.0 செ.மீ. பையன் 36 மாதம் என்றால் குன்றல். அவன் உண்மையில் 34 மாதம்தான் என்றால் கோடு 87.5, அவன் மேலே வந்துவிடுகிறான். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாதபோது 'மூணு நடக்குது' என்ற பதிலை 3 என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான பிழை. மூணு நடக்கிறது என்றால் இரண்டுதான் முடிந்திருக்கிறது. இதற்கு ஊர் நிகழ்வுப் பட்டியல் ஒன்று கையில் இருக்க வேண்டும். கடலூர், புதுச்சேரிக்கு 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் நல்ல அடையாளம். அதோடு மாசி மகத் தீர்த்தவாரி, வைகாசியில் பாடலீஸ்வரர் கோயில் தேர், வில்லியனூர் தேர், மார்கழியில் சிதம்பரம் ஆருத்ரா. "புயலப்போ தவழ்ந்தானா, வயித்துல இருந்தானா?" என்று கேட்டால் கிடைக்கும் பதில், "வயசு என்ன?" என்ற கேள்விக்குக் கிடைப்பதைவிட நம்பகமானது.

மெலிவுக்கு இன்னொரு குறுக்கு வழி உண்டு. 6 முதல் 59 மாதம் வரை இடது மேல்கையின் நடுச் சுற்றளவு. 11.5 செ.மீ.க்குக் கீழ் கடும் மெலிவு, 11.5 முதல் 12.5க்குள் மிதமான மெலிவு. இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுத்ததும் குழி நின்றால், எடை எவ்வளவு காட்டினாலும் அது கடும் நிலை. நீர் எடையாக நிற்கிறது. குவாஷியோர்கர் அதுதான். உயரக் குன்றலுக்கு இப்படிக் குறுக்கு வழி எதுவும் இல்லை. பலகையும் சரியான பிறந்த தேதியும் வேண்டும்.

சவலையை அறிக்கையின் தலைப்பிலிருந்து எடுத்தாலும் கேள்வித்தாளில் வைத்துக்கொள்ளலாம். 'தாய்ப்பால் எத்தனையாவது மாதத்தில் நிறுத்தப்பட்டது?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் 'ஒரு வருசம்' என்ற பொதுப் பதில்தான் வரும். "அடுத்தது உண்டானப்போ இவன் சவலை பாஞ்சானா?" என்று கேட்டால், பாட்டி குறுக்கிட்டு எந்த மாதம், அப்போது என்ன கொடுத்தோம், எத்தனை நாள் பேதியானது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.