சுவரில் ஒரு கொடுவா: பாடம் செய்த மீனின் விலையும் தரமும்

எண்ணூர் முகத்துவாரத்திலும் காசிமேட்டை அடுத்த தூண்டில் வளைவுகளிலும் தூண்டில் போட்டுக் காத்திருப்பவர்களுக்கு மூன்றடி நீளக் கொடுவா சிக்குவது அன்றாடம் நடக்கும் காரியமன்று. சிக்கினால் கைப்பேசியில் ஒரு படம். அதன்பின் அது குழம்புக்கோ ஏலத்துக்கோ போய்விடும். அதைப் பாடம் செய்து, அதாவது உருவம் கெடாமல் பதப்படுத்தி, கூடத்துச் சுவரில் மாட்டலாம் என்று நினைப்பவர் சிலரே. அவர்களும் செலவை விசாரித்ததும் பின்வாங்கிவிடுகிறார்கள். இதை ஒரு நிலையான தொழிலாக வைத்திருக்கும் அமெரிக்காவில் கூலி அங்குலக் கணக்கில் சொல்லப்படுகிறது. அங்குலத்துக்கு 15 டாலர் என்று வைத்தால்கூட 36 அங்குல மீனுக்கு 540 டாலர். மீனும் நம்முடையது, சதையையும் எறிந்தாயிற்று, பிறகு எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்பதில் தவறில்லை. சுவரில் தொங்கும் பொருளில் மீன் எவ்வளவு, கைவேலை எவ்வளவு என்று பார்த்தால் கணக்கு விளங்கும்.

தோலைக் கொண்டு பாடம் செய்யும் முறையில், சுவரை நோக்கி இருக்கப்போகும் பக்கத்தில் மட்டும் நீளவாக்கில் கீறி, தலையும் துடுப்புகளும் தோலோடு ஒட்டியிருக்க, உள்ளிருக்கும் உடலை முழுவதுமாக உருவி எடுக்கிறார்கள். கன்னச் சதை, கண்கள், மூளை, துடுப்பின் அடியில் ஒளிந்திருக்கும் சதைத் துணுக்குகள் ஆகியவற்றையெல்லாம் சுரண்டிய பிறகு, கொழுப்பு நீங்கக் கழுவி, வெண்காரத்தால் பதப்படுத்தி, மீனின் அளவுக்கேற்பச் செதுக்கிய நுரைப் பிளாஸ்டிக் உடலின்மேல் தோலைப் போர்த்தித் தைக்கிறார்கள். துடுப்புகளை விரித்து, இருபுறமும் அட்டைத் துண்டுகளை வைத்துக் கிளிப்பால் இறுக்கிக் காயவிட வேண்டும். ஈரம் போன துடுப்பு அப்பளம்போல் நொறுங்கக் கூடியது என்பதால், அட்டையை அவசரமாகப் பிரித்தால் துடுப்பின் ஓரம் கையோடு வந்துவிடும். பெரிய மீன் காய்வதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

காய்ந்து முடிந்ததும் கிடைப்பது பழுப்பேறிய, மங்கலான ஓர் உருவம். மீனின் நிறம் தோலில் உள்ள நிறமி உயிரணுக்களிலிருந்து வருகிறது. உயிர் போனதும் அவற்றை ஆளும் நரம்புக் கட்டுப்பாடு அற்றுப்போய், நிறமிகள் மெல்லச் சிதைகின்றன. வெள்ளி மினுமினுப்போ நிறமியே அன்று. குவானைன் என்னும் பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக நின்று ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுவது அது. தகடுகளின் ஒழுங்கு குலைந்தால் பளபளப்பும் குலையும். ஆகவே சுவரில் நாம் கண்டு வியக்கும் நிறம் முழுவதும் தெளிப்பான் கொண்டு மெல்லிய படலங்களாக ஏற்றப்பட்ட வண்ணம்தான். பணத்தின் பெரும்பகுதி இந்தக் கைக்குப் போகிறது, போகவும் வேண்டும்.

எல்லா மீனும் இம்முறைக்கு இடம் கொடுப்பதில்லை. கொடுவாவுக்குத் தடித்த தோலும் பெரிய செதில்களும் உறுதியான தலையெலும்பும் இருப்பதால் அது ஓரளவு ஒத்துழைக்கும். வஞ்சிரத்துக்குச் செதில்கள் மிகச் சிறியவை, தோல் மெல்லியது. கெளுத்திக்குச் செதிலே இல்லாததால் காயும்போது தோல் சுருங்குவது அப்படியே வெளியில் தெரியும். சுருங்கிய இடங்களைப் பசைக்களிம்பால் நிரப்பி மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய பகை எண்ணெய்தான். மீனெண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் காற்றின் ஆக்சிஜனோடு எளிதில் வினைபுரிபவை. தலையெலும்பின் குழிகளில் தங்கிவிட்ட எண்ணெய் சில ஆண்டுகள் கழித்து வண்ணத்தின் அடியில் கசிந்து மஞ்சள் திட்டாகத் தலைகாட்டும். இதோடு கடலோரத்தின் ஈரக்காற்றும் சேர்கிறது. தோல் என்பது கொலாஜன் என்னும் புரதம். ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்து உப்பும், சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்கியே துடுப்பின் அடியில் வெடிப்பு விழுகிறது. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கடலைப் பார்த்த வீட்டில் மாட்டுவதற்குத் தோல் மீனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தோலை விட்டுவிட்டு மீனின் நகலை வார்த்துக்கொள்வது மாற்று வழி. அதற்கான பொருள்கள் வடசென்னைக்குப் பழக்கமானவை. ஃபைபர் படகு செய்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் கையாளும் அதே ரெசின் (பிசின்), அதே கண்ணாடி இழை மேட் (விரிப்பு), ரெசினை இறுக வைக்கும் அதே ஹார்டனர், மேற்பூச்சான அதே ஜெல்கோட் ஆகியவற்றால்தான் மீனின் நகலும் வார்க்கப்படுகிறது. அச்சின் உட்புறம் மெழுகு பூசி, ஜெல்கோட் ஏற்றி, மேட்டையும் ரெசினையும் படிய வைத்து, இரண்டு பாதிகளாக எடுத்து ஒட்டி, பொருத்து தெரியாமல் தேய்க்கிறார்கள். ஹார்டனர் அதிகமானால் வேதிவினையின் சூடு ஏறி ரெசின் வெடிக்கும் என்பது படகுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்ணெய்க் கசிவும் பூச்சி அரிப்பும் இதற்கு இல்லை. நேர்வெயில் பட்டால் மட்டும் மேற்பூச்சு மஞ்சளாகும். பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட்டு, நீளத்தையும் சுற்றளவையும் படங்களையும் மட்டும் கொடுத்துச் செய்துகொள்ளவும் முடியும். ஆனால் அந்த இனத்துக்கு, அந்த அளவில் ஆயத்த அச்சு இருந்தால்தான் விலை கட்டுப்படும். புதிதாக அச்சு எடுப்பதென்றால் அதன் செலவு முழுவதும் ஒரே ஆளின் தலையில் விழும்.

அங்குலக் கணக்கு ஒரு வசதிக்காக ஏற்பட்டது. வேலை அப்படி நேர்க்கோட்டில் வளர்வதில்லை. நீளம் இரட்டித்தால் மேற்பரப்பு நான்கு மடங்காகும், வண்ணம் தீட்டும் வேலையும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். பெரிய மீனுக்கு அங்குல விலையையே ஏற்றிச் சொல்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்கத் தேவையில்லை. மிகக் குறைந்த விலை சொல்பவர் எந்தப் படியைத் தாண்டிச் செல்கிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

தரத்தைப் பார்க்க முதலில் கண்ணுக்குப் போக வேண்டும். இரை தேடி வேட்டையாடும் பல மீன்களின் பாவை முழு வட்டமாக இராது, மூக்குப் பக்கம் சற்றுக் கூர்ந்திருக்கும்; அந்தக் கூர் மேலேயோ பின்னேயோ திரும்பியிருந்தால் வேலை தெரியாதவர் பொருத்தியிருக்கிறார் என்று பொருள். அடுத்து வாயின் உட்புறம், செவுள் மூடியின் ஓரம் ஆகிய இரண்டையும் பார்க்கலாம். அவசரக்காரர் விட்டுவிடும் இடங்கள் இவை. செதில் ஒவ்வொன்றின் விளிம்பும் தனித்துத் தெரியாமல் வண்ணத்தில் மூழ்கியிருந்தால் பூச்சு தடித்துவிட்டது.

பழைய பாடம் செய்த மீன் ஏதேனும் கைக்கு வந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்கத் தோலில் பூசுவதற்காக 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பெக்கூர் என்பவர் உருவாக்கிய, ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்த சோப்பு 20ஆம் நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்தது. ‘செத்த காலேஜ்’ என்று சென்னைவாசிகள் சொல்லிவந்த எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கிய காலமும் இந்த நஞ்சின் காலம்தான். இன்னொன்று: திமிங்கலச் சுறா, வேளா மீன், கடல்குதிரை போன்றவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தற்செயலாக வலையில் வந்தாலும் இவற்றைப் பாடம் செய்து வைத்துக்கொள்ள இடமில்லை.

மீன் கையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் செய்வதுதான் பின்னால் வரும் தரத்தைத் தீர்மானிக்கிறது. நிறம் மாறுமுன் இரு பக்கமும் படமெடுத்து, மூக்கு முதல் வால் நுனி வரை நீளத்தையும், உடலின் பருத்த இடத்தில் சுற்றளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். அங்குலத்தில் சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 800ஆல் வகுத்தால் எடை பவுண்டில் தோராயமாகக் கிடைக்கும். 36 அங்குல நீளமும் 24 அங்குலச் சுற்றளவும் உள்ள மீன் ஏறத்தாழ 26 பவுண்டு, அதாவது 12 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தோலில் செய்வதென்றால் வயிற்றைக் கீறவே கூடாது. துடுப்புகளை உடலோடு படிய மடக்கி, ஈரத் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மடங்காமல் நேராகக் கிடத்தி உறைய வைக்க வேண்டும்.