"ஏன் வரல?": எழுத்தில் தொலைந்துபோகும் குரல்

போன மாதம் வீட்டில் ஒரு சின்ன விசேஷம். சித்தி வரவில்லை. உடம்புக்கு எதுவும் முடியலையோ என்ற பதைப்பில் வாட்ஸ்அப்பில் "ஏன் வரல?" என்று மட்டும் தட்டி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. மூன்று நாள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும், "என்னையே கேள்வி கேக்குற அளவுக்கு வளந்துட்டானா" என்று சித்தி அழுதிருக்கிறார். எனக்கு அக்கறையாக ஒலித்த அதே இரண்டு சொல், அவருக்கு அதட்டலாகப் போய் விழுந்திருக்கிறது.

நேரில் பேசும்போது "ஏன்" என்பதைக் கொஞ்சம் இழுத்தால் கவலை, வெட்டிச் சொன்னால் கோபம், அதோடு கண்ணும் புருவமும் சேர்ந்து மீதியைச் சொல்லிவிடும். எழுதும்போது இதெல்லாம் கழன்றுவிடுகிறது. கழன்றுபோனது எழுதுகிறவருக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அவர் மண்டைக்குள் அந்தக் குரல் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனசுக்குள் பாடிக்கொண்டே அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டுங்கள், எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்லட்டும். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் இதைத்தான் செய்தார். தட்டியவர்கள், பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது வெறும் 3! தட்டுகிறவருக்கு ராகம், வரி, வாத்தியம் எல்லாம் கேட்கிறது, எதிரே இருப்பவருக்கு டொக் டொக் மட்டும்தான்.

2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவினர் இதையே மின்னஞ்சலில் பார்த்தார்கள். சில வரிகளைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும், மின்னஞ்சலிலோ குரலிலோ சொல்லச் சொன்னார்கள், எதிர்முனையில் இருப்பவர் எது எது என்று பிரிக்க வேண்டும். 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்பது அனுப்பியவர்களின் கணிப்பு. குரலில் கேட்டவர்கள் கிட்டத்தட்ட அதை எட்டினார்கள், 73 சதவீதம். மின்னஞ்சலில் வாசித்தவர்கள் 56தான், காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலே 50 வந்திருக்கும். இதில் என்னை உலுக்கியது வேறொன்று: தப்பாகப் புரிந்துகொண்ட வாசகர்களும் தாங்கள் சரியாகவே பிடித்துவிட்டதாக நம்பினார்கள். அதனால்தான் யாரும் "என்ன அர்த்தத்துல சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்பதில்லை, நேராகச் சண்டைக்குப் போய்விடுகிறோம்.

சண்டை வந்தபின் அது ஏன் அவ்வளவு சீக்கிரம் முற்றுகிறது என்பதற்கு 2012இல் வந்த ஓர் இஸ்ரேலிய ஆய்வு நல்ல விடை தருகிறது. நோவாம் லாப்பிடோட்-லெஃப்லர், அஸி பராக் இருவரும் முன்பின் தெரியாதவர்களை ஜோடி சேர்த்து, சாட்டில் ஒரு பிரச்சினையை விவாதிக்க விட்டார்கள். பெயர் மறைந்திருப்பதுதான் ஆளைக் கடுமையாகப் பேசவைக்கிறது என்று நாம் நினைப்போம் இல்லையா? அவர்கள் சோதனையில் அதைவிடப் பெரிய காரணமாக நின்றது, கண்ணோடு கண் பார்க்க முடியாதது. குடும்ப குரூப்பில் பெயரும் போட்டோவும் தெரிந்த சொந்தக்காரர்களே எப்படி அவ்வளவு குத்தலாக எழுதிக்கொள்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாக இருந்த கேள்விக்கு இதில் பாதி பதில் கிடைத்தது. எதிராளியின் முகம் வாடுவதைப் பார்த்தால் பாதி வாக்கியத்திலேயே நாக்கு தானாக நின்றுவிடும், விரல் நிற்காது.

க்ரூகர் குழு ஒரு வழியும் காட்டியது. எழுதியதை, நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறான தொனியில் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது. அப்படிப் படித்தவர்களுக்கு 'என் தொனி அவருக்குப் புரிந்துவிடும்' என்ற மிதப்பு குறைந்தது. "ஏன் வரல?" என்பதை ஒரு தடவை முறைப்பாகச் சொல்லிப் பார்த்திருந்தால், "சித்தி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று இன்னும் நாலு சொல் சேர்த்திருப்பேன்.

விஷயம் தெரிந்த அன்று சாயங்காலமே போன் போட்டு, அதையேதான் கேட்டேன், "ஏன் சித்தி வரல?" என்று. ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம், "முழங்கால் வலிடா, பஸ் ஏற முடியல" என்றார்.